தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சுதேசிக் கப்பல் காரியதரிசி

நம் காலனிச் சிறுவர் சிறுமியரிடம் வ. உ. சிதம்பரம் பிள்ளை யாரென்று வினவினால், கப்பலோட்டிய தமிழர் என்று தயங்காது விடை கூறுவர். 1961-ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படமும், திரு. சிவாஜி கணேசன் அவர்களின் நடிப்பும் அப்பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. ஆயின், பிள்ளையவர்கள் சுக்கான் பிடித்துக் கடலிலே கலம் செலுத்தியதாகவே குழந்தைகள் எண்ணுகின்றனர். பெரியவர்களிலும் சிலர் அவ்வாறே எண்ணுவதை நான் கண்டதுண்டு. அவர் மாலுமி அல்லர், வக்கீல். கப்பல் தொழிலில் அவர் ஆற்றிய பணி கடல்மீது நடந்ததன்று, கரைமீது நடந்தது. பங்குப் பணம் திரட்டுதல், கப்பல் அமர்த்துதல், பிரயாணிகளுக்குச் சீட்டு வழங்குதல், வணிகர்களிடம் சரக்குக் கேட்டுச் செல்லுதல், சுங்க அதிகாரிகளிடம் வாதாடுதல் ஆகிய இவையே அவர் கப்பலோட்டிய வகை. ரயில்வே சரக்கு ஆபீஸில் நாள்தோறும் ரசீதும் பதிவேடும் எழுதிக் கொண்டிருக்கும் எனக்கு, அப்பெரியாரின் வாழ்வில் மிகவும் நெருக்கமாகத் தோன்றும் பகுதி இதுவேயாதலின், இம்மலரில் அதனையே சற்று விரித்துரைக்க விழைகின்றேன்.

அவர் பிறந்தது 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், ஊர் ஒட்டப்பிடாரம். தந்தையார் உலகநாத பிள்ளை பெயர் பெற்ற வக்கீல். தாயார் பரமாயி அம்மாள். இளமையில் சிறிது காலம் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாகவும் இருந்தார். பின்னர்த் திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று, வக்கீல் பரீட்சையில் தேறி, 1895 முதல் சொந்த ஊரிலே தொழில் நடத்தினார். ஏழைகளின் வழக்குகளைக் கூலி பெறாமலே எடுத்து வாதாடியதால், போலீசாரின் பகையும் குடிமக்களின் அன்பும் ஒருங்கே அவரை வந்தடைந்தன. முதல் மனைவியார் வள்ளியம்மை 1901-இல் காலமானார். அவ்வாண்டிலேயே மீனாட்சி அம்மையாரை மணந்தார். இக்காலத்தையொட்டியே அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்ததும்.

அக்காலத்துத் தூத்துக்குடித் துறைமுகத்தின் இயல்பை அறிந்தாலன்றிப் பின்வருவன விளங்கா. இன்று பெருங்கப்பல்கள் கரையை ஒட்டி நின்று சரக்கு இறக்குகின்றன. ஆழ்கடல் துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் அதற்குச் சிதம்பரனார் பெயரே சூட்டப்பட்டது. அன்றோ, கரையோரம் ஆழமற்ற கடல். நீராவிக் கப்பல்கள் சில மைல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். மூட்டைகள் தோணிகளிலே ஏற்றப்பட்டு அங்குச் செல்ல வேண்டும். பிரயாணிகளையும் படகிலே கொண்டு சேர்க்க வேண்டும். ரயில்பாதை 1876-இலேயே தூத்துக்குடிக்கு வந்துவிட்டமையால், சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் ரயிலில் இங்கு வந்திறங்கி, இரவு கப்பலேறி மறுநாள் கொழும்பை அடைவர். போட் மெயில் என்ற பெயர் ஏற்பட்டதும் இத்தொடர்பினாலேதான். இலங்கையில் வணிகம் செய்தோரும், தோட்டங்களில் உழைக்கச் சென்றோரும், உறவினரைக் காணச் சென்றோரும் இத்துறையில் காத்துக் கிடந்தனர்.

இவ்விடத்தில் கப்பல் ஏஜண்டு எனப்படுபவரின் வேலையைக் கூறுதல் வேண்டும். கப்பல் அவருடையதன்று. ஆயினும் கப்பல் துறையில் நிற்கும் வரையில் அதன் கண்ணும் கையும் அவரே. வரும் நாளை முன்கூட்டி அறிவித்தல், இடம் பேசி முடித்தல், கட்டணம் வசூலித்தல், ஏற்றிய சரக்கின் ஜாபிதா எழுதுதல், சுங்கத்தில் ஒப்படைத்தல், தோணிக்காரர்களுக்குக் கூலி தீர்த்தல், கப்பலுக்கு நிலக்கரியும் குடிநீரும் சேர்த்தல், வைத்தியப் பரிசோதனைக்குப் பிரயாணிகளை நிறுத்துதல், குறைந்த மூட்டைக்கு விடை சொல்லுதல் என இவ்வாறு நீளும். ரயில்வே சரக்கு ஷெட்டைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர்; அங்குத் தண்டவாளம், இங்குக் கடல் என்பதே வேற்றுமை. கப்பல் ஒரு நாள் வீணே நின்றால் நிலக்கரிச் செலவும் மாலுமிகளின் சம்பளமும் நில்லாது ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே நல்ல ஏஜண்டு வாய்த்த கம்பெனி பிழைக்கும், வாய்க்காதது மூழ்கும்.

தூத்துக்குடியில் இவ்வேலை முழுவதும் அந்நியர் கையில் இருந்தது. கொழும்புப் போக்குவரத்தைத் தன் வசம் வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. அது 1856-இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே கப்பல் விடத் தொடங்கிப் படிப்படியாகக் கீழைக் கடலெங்கும் கிளை பரப்பிய பெருநிறுவனம். அதன் தூத்துக்குடி ஏஜண்டுகள் ஹார்வி கம்பெனியார். அவர்களே கோரல் மில் என்னும் பஞ்சாலையையும் நடத்தினர். ஆலையும் அவர்களுடையது, ஆலைச் சரக்கு ஏறும் கப்பலின் ஏஜன்ஸியும் அவர்களுடையது. உள்ளூர் வணிகர் தம் மூட்டைக்கு இடம் வேண்டுமாயின் அவர்கள் வாசலிலேதான் நிற்க வேண்டும். எதிரே ஒருவரும் இன்மையால் அவர்கள் வைத்ததே விலை.

1905-இல் வங்கப் பிரிவினையால் சுதேசி இயக்கம் நாடெங்கும் மூண்டது. சென்னையில் ஸ்ரீ இராமகிருஷ்ண மடத்து இராமகிருஷ்ணாநந்த சுவாமிகளைக் கண்டு உரையாடியது பிள்ளையவர்களின் உள்ளத்தில் சுதேசியக் கனலை மூட்டிற்று. பாரதியாரின் நட்பும் அக்காலத்தில் வளர்ந்தது. பலர் அந்நியத் துணியைத் தீயிலிட்டதோடு அமைந்தனர். பிள்ளையவர்கள் அதற்கு மேலும் எண்ணினார். துணியைக் கொண்டுவரும் கப்பல் அவர்களுடையதாக இருக்கும் வரையில், துணியை மட்டும் வெறுத்துப் பயன் என்ன என்பதே அவர் கருத்து. இது மேடைப் பேச்சாளரின் சிந்தனையன்று. துறைமுகத்தை நாள்தோறும் கண்டவரின் சிந்தனை.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம், அதாவது சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இந்த 25 ரூபாய் என்ற அளவைக் கவனிக்க வேண்டும். நூறும் ஆயிரமும் வைத்திருந்தால் செல்வர்கள் சிலர் மட்டுமே பங்காளிகளாயிருப்பர். சிறு கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் சேரவேண்டும் என்றே சிறு தொகை வைத்தனர் என்பது என் ஊகம். தலைவராக அமர்ந்தவர் மதுரையில் 1901-இல் தமிழ்ச் சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவர். தமிழ்ச் சங்கம் கண்டவரே கப்பல் சங்கத்திற்கும் தலைவரானார் என்பது நம் போன்ற சங்கத்தார் எண்ணி மகிழத்தக்கது. ஹாஜி முகம்மது பக்கீர் சேட் அவர்கள் ஒருவரே 8,000 பங்குகளை எடுத்து 2 லட்சம் ரூபாய் உதவினார். பிள்ளையவர்கள் ஏற்ற பதவி துணைக் காரியதரிசி என்பதே. பதவி சிறிதெனினும் வேலையெல்லாம் அவர் தலைமீது.

தொடக்கத்தில் சொந்தக் கப்பல் இல்லை. ஷாலைன் ஸ்டீமர்ஸ் என்ற கம்பெனியிடம் கப்பல்களை வாடகைக்குப் பேசிக் கொழும்புக்கு ஓட்டினர். போட்டிக் கம்பெனியாரின் நெருக்குதலால், ஷாலைன் கம்பெனி வாடகை ஏற்பாட்டை முறித்துக் கொண்டது. சீட்டு வாங்கியவர்களும் சரக்கு ஒப்புவித்தவர்களும் கரையில் நிற்கக் கப்பல் இல்லை என்ற நிலைமை ஒரு காரியதரிசிக்கு எத்தகையது என்பதை நான் விரித்துக் கூற வேண்டியதில்லை. பிள்ளையவர்கள் சோர்ந்தாரில்லை. இலங்கைக்கு விரைந்து பெரிய கப்பலொன்றை வாடகைக்குப் பிடித்து வந்து போக்குவரத்தை நிலைநிறுத்தினார். ஆயின் பிறர் கப்பலை நம்பியிருந்தால் இதே இடர் மீண்டும் நேரும் என்பது அவருக்கு ஐயமறத் தெளிவாயிற்று.

எனவே சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய் புறப்பட்டார். நாம் வாழும் இம்மாநகருக்கு, இன்றைய மும்பைக்கு, அவர் வந்தது இவ்வாறே. கப்பலோடு திரும்புவேன், இன்றேல் கடலில் வீழ்ந்து மாய்வேன் என்று சூளுரைத்து அவர் புறப்பட்டதாகக் கூறுவர். அவ்வமயம் வீட்டிலே மகன் உலகநாதன் நோயுற்றிருந்தான், மனைவியார் கருவுற்றிருந்தார். நண்பர்கள் தடுத்தும் அவர் நின்றாரில்லை. இது சரியா என்று நம் இல்லத்தரசிகள் வினவலாம். வினவுதல் நியாயமே. அவ்வம்மையார் பட்ட துன்பத்தை எழுதியோர் குறைவு. அவர் இசைவும் பொறுமையும் இன்றி இக்கதையில் ஒரு காரியமும் நடந்திராது என்பதே என் துணிபு. பம்பாயில் வடநாட்டுத் தேசபக்தர்களின் துணையும் திலகர் பெருமானின் ஆதரவும் கிடைத்தன. எஸ். எஸ். காலியா என்னும் கப்பல் வாங்கப்பட்டது. வேதமூர்த்தி என்ற அன்பர் பிரான்சு தேசம் வரை சென்று எஸ். எஸ். லாவோ என்பதனைக் கொணர்ந்தார். 1907-ஆம் ஆண்டின் மத்தியில் இரண்டும் தூத்துக்குடியை அடைந்தன. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் செல்லலாம். 4,000 மூட்டைகளும் ஏற்றலாம். ஊரார் திரண்டு கடற்கரையில் நின்று களித்தனர்.

பின்னர்த் தொடங்கியது கட்டணப் போர். பிரிட்டிஷ் கம்பெனியார் கொழும்புக் கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தனர். சுதேசியார் 8 அணாவாக்கினர். அந்நியர் அதற்கும் மேலே சென்று, பணமே வேண்டா, இலவசமாக ஏறலாம், ஒரு குடையும் தருவோம் என்று விளம்பரம் செய்தனர். இலவசக் குடையை வெறுத்து 8 அணாக் கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியோர் பலர் என்பதே நாம் பெருமையுடன் கூறும் வரலாறு. அது மெய்யே. ஆயினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. 8 அணாவுக்கு ஆளை ஏற்றிச் சென்றால் நிலக்கரிக்கே கட்டுமா என்பது ஐயம். பல கடல்களில் ஆதாயம் ஈட்டும் கம்பெனி ஒரு துறையில் நட்டப்பட்டாலும் தாங்கும். ஒரே துறையை நம்பியிருந்த சுதேசிக் கம்பெனிக்கு அந்த நட்டமே முழு நட்டம். ஒவ்வொரு பயணத்திலும் மக்களின் அன்பு நிறைந்தது. பெட்டியிலே பணம் குறைந்தது. இதனை அறியாதவரல்லர் பிள்ளையவர்கள். ஆதலினால்தான் ஓயாது ஊர் ஊராகச் சென்று புதிய பங்குகள் சேர்த்து வந்தார்.

கட்டணத்தோடு நின்றதா எனின், இல்லை. துறைமுக அதிகாரிகளும் சுங்க அதிகாரிகளும் சுதேசிக் கப்பலின்பால் காட்டிய கடுமை வேறு. சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் சுதேசிக் கப்பலில் ஏறலாகாதென்ற குறிப்பும் பரவிற்று. அதிகாரம் எதிர் நிற்கும் துறையில் காரியதரிசி வேலை பார்ப்பது எளிதன்று. ஒரு கையெழுத்து அரைமணி தாமதித்தால், தோணியிலுள்ள சரக்கு வெயிலிலே காயும்.

இந்நிலையில் அவர் மற்றொரு போராட்டத்திலும் இறங்கினார். சுப்பிரமணிய சிவாவும் அவரும் தூத்துக்குடிக் கடற்கரையில் நாள்தோறும் சொற்பொழிவாற்றினர். 1908 பிப்ரவரி 27-இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பிள்ளையவர்கள் அவர்களுக்குத் தலைமை தாங்கி, உணவுக்கும் உதவி திரட்டினார். ஒன்பது நாளில் ஆலையார் பணிந்து கூலி உயர்வுக்கும் ஞாயிறு விடுமுறைக்கும் இசைந்தனர். இதிலே ஒரு நுட்பம் உண்டு. ஆலையை நடத்தியவரும் எதிர்க் கப்பலின் ஏஜண்டும் ஒருவரே என முன்னர்க் கூறினேன் அல்லவா? கடலில் எதிர்த்தவரே கரையிலும் எதிர்த்து வென்றார் என்பது ஹார்வியாருக்கு எவ்வளவு உறுத்தியிருக்கும்!

கம்பெனியின் டைரக்டர்களிலே சிலர், காரியதரிசி அரசியலை விட்டு வணிகத்தை மட்டும் கவனிக்க வேண்டும் என விரும்பினர். அவர்களைக் கோழைகள் என்று ஏசி எழுதுவது வழக்கமாகிவிட்டது. நான் அவ்வாறு எழுத மாட்டேன். பிறர் பணத்துக்குப் பொறுப்பேற்றவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை. ஆயினும், அந்த அரசியல் உணர்ச்சி இல்லையேல் 25 ரூபாய்ப் பங்கை வாங்கியிருப்பவர் எத்தனை பேர்? 8 அணாக் கொடுத்து ஏறியிருப்பவர்தாம் எத்தனை பேர்? பிள்ளையவர்களால் இரண்டையும் பிரித்திருக்க முடியாது. பிரித்திருந்தால் கம்பெனி இன்னும் விரைவில் மூழ்கியிருக்கும் என்றே நான் நினைக்கின்றேன். மாறுபட எண்ணும் அன்பர்கள் சங்கத்துக் கூட்டத்தில் என்னோடு வாதிடலாம்.

1908 மார்ச் 9-ஆம் நாள் விபின சந்திர பாலர் விடுதலையானார். அதனைக் கொண்டாடியதன் தொடர்பாகப் பிள்ளையவர்களும் சிவாவும் பத்மநாப அய்யங்காரும் மார்ச் 12-இல் திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் பெருங்கலகம் மூண்டது. துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர். ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். இராஜநிந்தனைக்கு ஓர் ஆயுள் தண்டனையும், சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்கு மற்றோர் ஆயுள் தண்டனையுமாக, ஆக 40 ஆண்டுகள்! அவருக்கு அப்போது வயது 35. தம்பி மீனாட்சிசுந்தரம் அச்செய்தி கேட்டுச் சித்தம் கலங்கியவர் பின்னர்த் தெளியவே இல்லை. ஹைக்கோர்ட்டு தண்டனையை ஆறாண்டாகக் குறைத்தது. கோயமுத்தூர்ச் சிறையிலே அவர் செக்கிழுத்த கொடுமையை நம் பாலர் வகுப்பே அறியும். அச்செக்கு சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் வைக்கப்பட்டுள்ளது. விடுமுறையில் ஊர் செல்வோர் குழந்தைகளுக்கு அதனைக் காட்டி வருவது நலம். பின்னர் அவர் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார்.

துறையிலே கவனிப்பார் இல்லை. 1911-இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியாக் கப்பல் எதிர்க் கம்பெனியாரிடமே விற்கப்பட்டதெனக் கூறுவர். சிறையிலே அவர் பட்ட அடியினும் இதுவே பேரடி. அதே ஆண்டு ஜூன் 17-இல், முன்னர்த் தூத்துக்குடியில் சப்-கலெக்டராயிருந்து சுதேசியாரை ஒடுக்கிய ஆஷ் துரையை வாஞ்சிநாதன் மணியாச்சி ஸ்டேஷனில் சுட்டுக் கொன்று, தானும் மாய்ந்தான். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுப் போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பியதும், கொழும்புப் பிரயாணிகளில் பெரும்பகுதியினர் தூத்துக்குடியை விட்டகன்றனர். சுதேசிக் கம்பெனி பிழைத்திருந்தாலும் அந்த இரண்டாம் சோதனையையும் சந்தித்தே இருக்கும் என்பதை ரயில்வேக்காரனாகிய நான் குறிப்பிடாமல் விடுதல் கூடாது.

1912 டிசம்பர் 24-ஆம் நாள் விடுதலை பெற்றார். முன்பு பல்லாயிரவர் சூழ நடந்தவரை, அன்று சிறை வாயிலில் எதிர்கொள்ள வந்தவர் தொழுநோயால் வாடிய சிவா ஒருவரே என்பர். வக்கீல் சன்னது பறிபோயிற்று. தூத்துக்குடிக்குச் செல்லாமல் சென்னையில் குடும்பத்தோடு தங்கிச் சிறு வணிகங்கள் செய்தார். நம் ரயில்வே தொழிற்சாலை உள்ள பெரம்பூரிலும் வசித்து, தொழிலாளரிடையே பணியாற்றினார்.

இக்காலத்து நிகழ்ச்சியொன்று வெளியூர்வாழ் தமிழராகிய நமக்கு மிகவும் உரியது. அவர் சிறையிலிருந்த செய்தி தென்னாப்பிரிக்கா வரை சென்றது. கரும்புத் தோட்டத்திலும் கடைகளிலும் உழைத்த தமிழ் மக்கள் அவர் குடும்பத்துக்கென்று பணம் சேர்த்து, அப்போது அங்கிருந்த காந்தியடிகளிடம் ஒப்புவித்தனர். அடிகள் தாயகம் திரும்பி 1915-இல் சென்னைக்கு வந்தபோது, அப்பணம் வந்து சேர்ந்ததா என்று பிள்ளையவர்களை வினவினார். வரவில்லை. அதன்பின் பல திங்கள் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. வறுமையின் நடுவேயும் பிள்ளையவர்கள் கெஞ்சினாரல்லர். கணக்கைத் தெளிவாக எழுதிக் காத்திருந்தார். அடிகளும் மறவாது விசாரித்து, 1916-இல் 347 ரூபாயும் சில அணாவும் அவரிடம் சேர்ப்பித்தார். கடல் கடந்த ஊரிலே முகமறியாத் தமிழர்கள் தம் கூலியிலிருந்து பிரித்துக் கொடுத்த அத்தொகையைப் பற்றி நினைக்குந்தோறும், நம் சங்கத்து மாதச் சந்தாவைத் தள்ளிப்போடும் அன்பர்கள் என் நினைவுக்கு வருகின்றனர். இதனைப் பொருளாளரின் வேண்டுகோளாகக் கொள்ளினும் பிழையில்லை.

1920-இல் கல்கத்தா விசேஷ காங்கிரசில் ஒத்துழையாமைத் தீர்மானத்தோடு மாறுபட்டு அவர் காங்கிரசை விட்டு விலகினார். வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது மீண்டும் கிடைத்தது. அந்நன்றி மறவாது தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியோடு போர் புரிந்தவர், நன்மை செய்த ஆங்கிலேயரை மறக்கவில்லை. கோவில்பட்டியில் வக்கீலாக இருந்து, 1932-இல் தூத்துக்குடிக்கே திரும்பி வந்தார். தமிழ்ப்பணியோ சிறையிலும் வெளியிலும் ஓய்ந்ததில்லை. ஜேம்ஸ் ஆலனின் நூல்களை மனம்போல வாழ்வு, அகமே புறம் முதலியனவாகத் தமிழாக்கினார். மெய்யறம், மெய்யறிவு என்பன அவர் இயற்றியவை. தம் வரலாற்றைச் செய்யுளில் பாடினார். தொல்காப்பியத்து இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார்; திருக்குறளுக்கு உரை எழுதினார். இவற்றைப் பற்றி எழுதத் தமிழ்ப் புலவர்கள் நம் சங்கத்திலே உளராதலின் நான் இவ்வளவோடு நிறுத்துகின்றேன்.

அவர் தம் கப்பல்கள் நின்ற அதே கடலின் கரையில், தூத்துக்குடிக் காங்கிரஸ் ஆபீஸில், 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் உயிர் நீத்தார். அவ்வாண்டு எழுதிவைத்த உயிலில், துணிக்கடை, எண்ணெய்க்கடை முதலிய உள்ளூர்க் கடைகளுக்குத் தாம் கொடுக்க வேண்டிய சில்லறைப் பாக்கிகளையெல்லாம் கடைக்காரர் பெயரும் தொகையுமாக எழுதி, அவற்றைத் தீர்க்குமாறு ஏற்பாடு செய்திருந்தார்.